அம்மா போன்ல "ஸ்டோரேஜ் ஃபுல்": எதை அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது?

கயல்_திருச்சி எழுதியது:

அம்மாவோடது 64 ஜிபி ஆண்ட்ராய்டு போன். மெமரி கார்டு போடலை. கொஞ்ச நாளா "ஸ்டோரேஜ் ஃபுல்"னு வந்துக்கிட்டே இருக்கு. கேமரா திறக்குது, ஆனா படம் எடுக்க மாட்டேங்குது. பேங்க் ஓடிபி சில நேரம் வரவே இல்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு தெரியலை.

செட்டிங்ஸ்ல கணக்கு இப்படிக் காட்டுது: வாட்ஸ்அப் 21 ஜிபி, சிஸ்டம் 17, போட்டோ வீடியோ 14, மிச்ச ஆப் எல்லாம் சேர்த்து 11.

தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஒரு க்ளீனர் ஆப் போட்டுக் கொடுத்திருக்கான். தினமும் "பூஸ்ட்" பட்டனை அழுத்துறாங்க. "1.2 ஜிபி சுத்தம் செய்யப்பட்டது"ன்னு பச்சையா காட்டுது. மறுநாள் பழையபடி ஆயிடுது.

உட்கார்ந்து அழிச்சிடலாம்தான். ஆனா கேலரில அழிச்சா கூகுள் போட்டோஸ்லயும் போயிடுமா, வாட்ஸ்அப்ல அழிச்சா சாட்டும் போயிடுமான்னு பயமா இருக்கு. பேரன் பிறந்ததுல இருந்து எடுத்த படம் எல்லாம் இந்த ஒரு போன்லதான். போதாததுக்குக் கூகுள் அக்கவுன்ட்டும் 15 ஜிபி நிரம்பப் போகுதுன்னு மெயில் வருது. எங்கே ஆரம்பிக்கணும்?

---

சர்வீஸ்_பெஞ்ச் எழுதியது:

முதல்ல அந்த க்ளீனரைத் தூக்குங்க. ஆண்ட்ராய்டு 11ல இருந்து, வெளியில இருந்து போடுற ஆப் எதுவும் இன்னொரு ஆப்போட கேஷை (அந்த ஆப் தற்காலிகமா சேர்த்து வைக்கிற ஃபைலை) தன்னிஷ்டத்துக்குத் தொட முடியாது. சிஸ்டம் அனுமதிக்காது. அப்போ அது காட்டுற 1.2 ஜிபி என்ன? பெரும்பாலும் ராம்ல ஓடிக்கிட்டிருந்த ஆப்பை மூடினது. ராம்ங்கிறது ஆப் ஓடும்போது மட்டும் பயன்படுற தற்காலிக மெமரி, ஸ்டோரேஜ் வேற. மூடின ஆப்பை மறுபடி முதல்ல இருந்து திறக்க பேட்டரிதான் கூடுதலா செலவாகும். இதுல அந்த ஆப் "எல்லா ஃபைலையும் பார்க்கலாம்"ங்கிற அனுமதியையும் வாங்கி வச்சிருக்கும். அம்மாவோட படம், ஆதார் ஸ்கேன் எல்லாத்தையும் பார்க்கிற அனுமதி அது.

ஓடிபிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. காலி இடம் பொதுவா 500 எம்பிக்குக் கீழ போனதும் போன் எச்சரிக்கை காட்ட ஆரம்பிக்கும். அதையும் தாண்டி முழுசா வறண்டு போச்சுன்னா, வர்ற எஸ்எம்எஸ்ஸை எழுதி வைக்க இடம் இல்லைன்னு போனே நெட்வொர்க்குக்குச் சொல்லித் திருப்பிடும். பேங்க் அனுப்பியிருக்கும், டவர் வரைக்கும் வந்திருக்கும், போன் வாங்கிக்காது. ஓடிபி வரலைன்னா பேங்குக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி ஸ்டோரேஜைப் பாருங்க.

போன் இழுத்து இழுத்து ஓடுறதுக்கும் காரணம் இதுதான். உள்ள இருக்கிற ஃப்ளாஷ் மெமரில ஒரு தகவலை மாத்தணும்னா அதே இடத்துல அழிச்சு எழுத முடியாது. புது இடத்துல எழுதிட்டு, பழசை அப்புறமா மொத்தமா ஒரு பிளாக்கா அழிக்கணும். 15 எண்களை நகர்த்தி வரிசைப்படுத்துற விளையாட்டு இருக்குல்ல, ஒரே ஒரு கட்டம் காலியா இருக்கும், அந்த மாதிரிதான். காலிக் கட்டம் குறையக் குறைய ஒண்ணை மாத்த நாலை நகர்த்தணும். 64 ஜிபி போன்ல 6, 7 ஜிபி எப்பவும் காலியா இருக்கணும். ராத்திரி சார்ஜ்ல போட்டு சும்மா கிடக்கும்போதுதான் போன் இந்தப் பழைய பிளாக்கை எல்லாம் ஒழுங்கு பண்ணிக்கும். அதனால இடம் காலி பண்ணின உடனே வேகம் வரலைன்னா ஒரு ராத்திரி விடுங்க.

சிஸ்டம் 17 ஜிபியை நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. போன் "64"ன்னு முழு எண்ணைக் காட்டிட்டு, கணக்குல அடங்காததை எல்லாம் சிஸ்டம் தலையில கட்டிடும். அதை விடுங்க.

இன்னைக்கே மூச்சு விட இடம் வேணும், எதுவும் தொலையக் கூடாதுன்னா இதைப் பண்ணுங்க:

- கேலரியோட குப்பைத் தொட்டியைக் காலி பண்ணுங்க. அழிச்ச படம் பொதுவா 30 நாள் அங்கேதான் கிடக்கும், இடத்தையும் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கும். "அழிச்சேன், இடம் வரலை"ன்னு சொல்ற பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். ஆனா தொட்டிக்குள்ள தெரியாம விழுந்தது எதுவும் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு.
- யூடியூப்ல டவுன்லோட் பண்ணி வச்ச வீடியோ.
- டெலிகிராம் இருந்தா: செட்டிங்ஸ், "டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்", "ஸ்டோரேஜ் யூஸேஜ்", "க்ளியர் கேஷ்". டெலிகிராமோட சாதாரண சாட்ல வந்தது எல்லாம் அவங்க சர்வர்லயே இருக்கும், வேணும்னா திரும்ப இறங்கிக்கும்.
- குரோம், ஃபேஸ்புக் மாதிரி ஆப்பை செட்டிங்ஸ்ல திறந்து "க்ளியர் கேஷ்".

இதுல ஒரு கண்ணி இருக்கு. "க்ளியர் கேஷ்" பட்டனுக்குப் பக்கத்துலயே "க்ளியர் டேட்டா" அல்லது "க்ளியர் ஸ்டோரேஜ்" இருக்கும். கேஷ்ங்கிறது மறுபடி இறக்கிக்கக்கூடியது. டேட்டாங்கிறது ஆப்போட சொந்தச் சரக்கு. வாட்ஸ்அப்ல டேட்டாவை க்ளியர் பண்ணினா சாட் போயிடும். அந்தப் பட்டன் பக்கமே போகாதீங்க.

வாட்ஸ்அப் 21 ஜிபிக்குத் தனியா எழுதணும். டெலிகிராம் மாதிரி இல்லை அது. உங்களுக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்த வீடியோவோட பிரதி உங்க போன்லதான். சர்வர்ல நிரந்தரமா எதுவும் இருக்காது. அழிச்சா அனுப்பினவங்ககிட்டதான் மறுபடி கேட்கணும்.

21 ஜிபில சாட் எழுத்துக்கள் ரொம்பக் கொஞ்சம். மிச்சம் எல்லாம் வீடியோ, காலை வணக்கப் படம், பிடிஎஃப். அதனால மீடியாவை அழிச்சா சாட் போகாது. அந்தப் படம், வீடியோ மட்டும்தான் போகும்.

செய்முறை: வாட்ஸ்அப் > செட்டிங்ஸ் > "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" > "மேனேஜ் ஸ்டோரேஜ்". மேல ரெண்டு கட்டம் வரும். "ஃபார்வர்டட் மெனி டைம்ஸ்"ங்கிறது உங்களுக்கு வர்றதுக்குள்ள குறைஞ்சது அஞ்சு கை மாறின சரக்கு. அதுல குடும்பப் படம் இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஒரு நோட்டம் விட்டுட்டு மொத்தமா செலக்ட் பண்ணி அழிக்கலாம். அடுத்தது "5 எம்பிக்கு மேல்". இதை சைஸ் வரிசைல வச்சுப் பாருங்க, இதுல கல்யாண வீடியோவும் இருக்கும், யாரோ அனுப்பின சினிமாவும் இருக்கும். ஒண்ணொண்ணா. அழிக்கும்போது "எல்லாப் பிரதிகளையும் அழி"ன்னு ஒரு டிக் வரும். ஃபார்வர்டுக்கு டிக் போடுங்க.

கீழ சாட் வாரியா பட்டியல் இருக்கும். முதல் மூணு இடம் ஏதோ ஒரு ஊர் குரூப், ஒரு கோயில் குரூப்னு இருக்கும், பார்த்தாலே புரியும்.

இன்னொரு இடம் பல பேருக்குத் தெரியாது. ஃபைல் மேனேஜர்ல ஆண்ட்ராய்டு > மீடியா > காம்.வாட்ஸ்அப் > வாட்ஸ்அப் > மீடியா. உள்ள "வாட்ஸ்அப் இமேஜஸ்", "வாட்ஸ்அப் வீடியோ"ன்னு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் "சென்ட்"னு ஒரு உள்ஃபோல்டர். நீங்க அனுப்பின ஒவ்வொரு படத்துக்கும் வாட்ஸ்அப் சுருக்கி எடுத்த பிரதி அது. ஒரிஜினல் டிசிஐஎம் > கேமராவுல (போன் கேமரால எடுத்த படம் சேருற ஃபோல்டர்) இருக்கும்போது இது இரட்டைச் செலவு, அழிக்கலாம். ஆனா வாட்ஸ்அப்புக்குள்ளயே கேமரா பட்டனை அழுத்தி எடுத்து அனுப்பின படத்துக்கு டிசிஐஎம்ல ஒரிஜினல் இருக்கும்னு நம்ப முடியாது. கண்ணால பார்த்துட்டு அழிங்க.

---

ஒளியோவியன் எழுதியது:

மேலே சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். எதையும் அழிப்பதற்கு முன், பேரன் படங்களுக்கு இந்தப் போனுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். அதை முடிக்காமல் "மேனேஜ் ஸ்டோரேஜ்" பக்கம் போகாதீர்கள்.

கூகுள் போட்டோஸ் பற்றிய பயம் நியாயமானது. அந்த ஆப்புக்குள் படத்தைத் தொட்டு, குப்பைத் தொட்டிக் குறியை அழுத்தினால், போனில் இருப்பதும் போகும், கூகுள் கணக்கில் இருப்பதும் போகும். பேக்கப் ஆன படமாக இருந்தால் 60 நாள் குப்பையில் இருக்கும், ஆகாததாக இருந்தால் 30 நாள். அதற்குப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

போனில் மட்டும் அழிக்க இரண்டு வழி. ஒரு படத்துக்கு என்றால், அதைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் "டிலீட் ஃப்ரம் டிவைஸ்". மொத்தமாக என்றால், மேலே உங்கள் முகப்படத்தைத் தொட்டு "ஃப்ரீ அப் ஸ்பேஸ்". இது ஏற்கெனவே கூகுள் கணக்கில் ஏறிவிட்டதை மட்டும் போனிலிருந்து நீக்கும். அதன்பின் அந்தப் படங்களைப் பார்க்க இணையம் வேண்டும் என்பதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், நெட் இல்லாத நேரத்தில் "படமெல்லாம் போச்சு" என்று உங்களுக்குப் போன் வரும்.

அடுத்து, ஏறியிருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? போனை நம்பாதீர்கள். வேறொரு கணினியில் அம்மாவின் கணக்கைத் திறந்து, மிகப் பழைய படமும் நேற்று எடுத்த படமும் இரண்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அம்மாக்களின் போனில் இரண்டு, மூன்று கூகுள் கணக்கு இருப்பது சகஜம். கடைக்காரர் போன் கொடுக்கும்போது போட்டது ஒன்று, நீங்கள் போட்டது ஒன்று. படங்கள் எந்தக் கணக்கில் ஏறின என்றே தெரியாமல் போவது இதனால்தான்.

கணினி இருந்தால் நகல் எடுப்பது இன்னும் நிம்மதி. கேபிளை மாட்டியதும் போனில் வரும் அறிவிப்பைத் தொட்டு "ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுங்கள். அது வரவே இல்லை என்றால் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம், மாற்றுங்கள். டிசிஐஎம் ஃபோல்டரை "கட்" செய்யாதீர்கள், "காப்பி" மட்டும். பாதியில் கேபிள் ஆடினால் "கட்" செய்தது இரண்டு பக்கமும் அரைகுறையாக நிற்கும். 14 ஜிபியை ஒரே மூச்சில் இழுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். நடுவில் நாலு படத்தைத் திறந்து பாருங்கள். பிறகுதான் அழிப்பது.

கணினி இல்லையா? ஓடிஜி பென்டிரைவ் (போனிலேயே நேராகச் செருகக்கூடியது) போதும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, நீளமான விழா வீடியோ அங்கேதான் சிக்கும்.

நகல் எடுக்கும்போது சில படங்களுக்கு "இன்றைய தேதி" விழுந்துவிடலாம். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் கேமரா பதிந்த தேதி, இடம் போன்ற விவரங்கள் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் பெயரில் தேதி இருக்கும்: ஐஎம்ஜி-20240115-டபிள்யூஏ0003 என்றால் 2024 ஜனவரி 15 அன்று வந்த படம். எடுத்த நாள் அல்ல, வந்த நாள். எனவே ஃபைல் பெயரை மாற்றாமல் வைத்திருங்கள், வருடங்கள் கழித்து வரிசைப்படுத்த அது ஒன்றுதான் துணை.

---

மணல்மேடு எழுதியது:

ஒரு 128 ஜிபி கார்டு வாங்கிச் செருகினா முடிஞ்சது. இதுக்கு ஏன் இவ்வளவு?

---

சர்வீஸ்_பெஞ்ச் எழுதியது:

@மணல்மேடு, 21 ஜிபி வாட்ஸ்அப் கார்டுக்குப் போகாது. அது மீடியாவை உள் மெமரிலதான் வைக்கும், கார்டுல வைன்னு சொல்ல அதுல வழியே இல்லை. கேமராவை மட்டும் கார்டுக்கு மாத்தலாம், அது நல்லதுதான். ஆனா ரெண்டு விஷயம்.

ரோட்டோரத்துல மலிவா கிடைக்கிற கார்டுல போலி அதிகம். உள்ள 8 ஜிபி சிப்பை வச்சுட்டு 128ன்னு பொய் சொல்ற மாதிரி மாத்தியிருப்பாங்க. முதல் 8 ஜிபி ஒழுங்கா எழுதும், அதுக்கப்புறம் எழுதறது பழசு மேலயே விழும், இல்லை காத்துல போகும். ஃபைல் பேர் மட்டும் இருக்கும், திறந்தா திறக்காது. புதுக் கார்டு வாங்கினா முழுக் கொள்ளளவும் நிரம்புற வரைக்கும் எதையாவது எழுதி, திரும்பத் திறந்து பார்த்துட்டுதான் நம்பணும்.

ரெண்டாவது, செருகினதும் போன் "உள் மெமரியா பயன்படுத்தவா?"ன்னு கேட்டா சரின்னு சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா கார்டு அந்தப் போனுக்குன்னு பூட்டி என்க்ரிப்ட் ஆயிடும். போன் செத்தா கார்டை வேற எதுலயும் படிக்க முடியாது. "போர்ட்டபிள்" தான் சரி.

---

கயல்_திருச்சி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. க்ளீனரை எடுத்தாச்சு. கேலரி குப்பையும் டெலிகிராமும் சேர்த்தே 3 ஜிபிக்கு மேல காலி ஆச்சு, கேமரா வேலை செய்யுது. டிசிஐஎம் லேப்டாப்புக்கு காப்பி ஆகிட்டிருக்கு.

கணினில கூகுள் போட்டோஸைத் திறந்து பார்த்தேன். கேமரால எடுத்தது எல்லாம் இருக்கு. ஆனா அண்ணன் வாட்ஸ்அப்ல அனுப்பின படம் ஒண்ணுகூட இல்லை. பேரன் படத்துல பாதி அதுதான். வாட்ஸ்அப் பேக்கப்புனு தனியா ஒண்ணு கூகுள்ல ஏறுதே, அதுல இருக்கும்தானே? அப்போ போன்ல அழிச்சிடலாமா?

---

ஒளியோவியன் எழுதியது:

அழிக்காதீர்கள். இதுதான் பலரும் விழும் பள்ளம்.

கூகுள் போட்டோஸ் தானாக ஏற்றுவது கேமரா ஃபோல்டரை மட்டும்தான். வாட்ஸ்அப் படங்கள் ஏற வேண்டுமானால் போட்டோஸ் செட்டிங்ஸ் > "பேக்கப்" > "பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்" போய் "வாட்ஸ்அப் இமேஜஸ்" என்பதை இயக்க வேண்டும். ஆனால் இப்போதே இயக்காதீர்கள். காலை வணக்கம் முதல் மூலிகை மருத்துவம் வரை அத்தனையும் சேர்ந்து ஏறி, இருக்கிற 15 ஜிபியையும் தின்றுவிடும். முதலில் அண்ணனின் சாட்டைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, "மீடியா, லிங்க்ஸ் அண்ட் டாக்ஸ்" பகுதியில் வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து, பகிர்வுக் குறியை அழுத்தி கூகுள் போட்டோஸுக்கு அனுப்புங்கள். லேப்டாப் பக்கத்திலேயே இருப்பதால் "வாட்ஸ்அப் இமேஜஸ்" ஃபோல்டரை மொத்தமாக அங்கே நகல் எடுத்துவிட்டு, களை எடுப்பதை நிதானமாகவும் செய்யலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வாட்ஸ்அப் பேக்கப் என்பது ஆவணக் காப்பகம் அல்ல. போன் மாற்றும்போது சாட்டைத் திரும்பக் கொண்டுவர மட்டும்தான் அது. ஒவ்வொரு முறை பேக்கப் ஆகும்போதும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். இன்று போனில் ஒரு வீடியோவை அழித்தால், அடுத்த பேக்கப்புக்குப் பின் அங்கேயும் அது இருக்காது. "போன வாரத்துப் பேக்கப்பைக் கொடு" என்று கூகுளிடம் கேட்க முடியாது. அந்தப் பேக்கப்பைத் திறந்து ஒரு படத்தை மட்டும் எடுக்கவும் முடியாது.

15 ஜிபி நிரம்பியதற்கும் இதில் பங்கு உண்டு. அந்த 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. 2021 ஜூன் 1க்கு முன் "ஹை குவாலிட்டி"யில் ஏற்றிய படங்கள் கணக்கில் வராது, அதற்குப் பின் ஏற்றியவை வரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு இலவசமாக இருந்தது, 2024 முதல் அதுவும் இந்த 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. முழுதும் நிரம்பினால் படம் ஏறாது என்பதோடு நிற்காது, ஜிமெயிலுக்கு மெயிலும் வராது. கேஸ் பில், இன்சூரன்ஸ் ரசீது எதுவும் வந்து சேராது.

குறைக்க: வாட்ஸ்அப் > செட்டிங்ஸ் > "சாட்ஸ்" > "சாட் பேக்கப்" பக்கத்தில் "இன்க்ளூட் வீடியோஸ்" என்பதை அணைத்துவிட்டு ஒருமுறை கையால் பேக்கப் எடுங்கள். அடுத்து, கூகுள் ஒன் ஆப்பில் இடம் காலி செய்யும் பகுதியைத் திறந்தால் பெரிய இணைப்புள்ள மெயில்கள், டிரைவில் உள்ள பெரிய ஃபைல்கள் எல்லாம் அளவு வாரியாக வரும். போட்டோஸில் "ஸ்டோரேஜ் சேவர்" தரம் போதும். 16 மெகாபிக்சல் வரை படத்தின் பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், வீடியோ 1080பி வரை. பெரிய பிளெக்ஸ் பேனர் அடிக்கப் போவதில்லை என்றால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

---

சர்வீஸ்_பெஞ்ச் எழுதியது:

சரி, காலி பண்ணின பிறகு மறுபடி நிரம்பாம இருக்க என்ன பண்ணணும்னு அடுத்து கேட்பீங்க. தண்ணிக் குழாயை மூடாம தரையைத் துடைச்சுப் பிரயோஜனம் இல்லை.

வாட்ஸ்அப் > "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" > "மீடியா ஆட்டோ டவுன்லோட்". மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங்னு மூணு வரி இருக்கும். மூணுலயும் வீடியோ, டாக்குமென்ட் டிக்கை எடுங்க. நிறைய பேர் மொபைல் டேட்டாவுல மட்டும் எடுத்துட்டு வைஃபையை விட்டுடுவாங்க, வீட்டுக்கு வந்ததும் மொத்தமும் இறங்கிடும். படத்துக்கும் எடுக்கிறது நல்லதுதான், ஆனா அம்மாவுக்கு ஒவ்வொண்ணையும் தொட்டுத் திறக்க எரிச்சலா இருக்கும்னா படத்தை மட்டும் விட்டுடுங்க. இடத்தைத் தின்கிறது வீடியோதான். வாய்ஸ் மெசேஜ் எப்படியும் தானா இறங்கும், அதைத் தடுக்க முடியாது, அது சின்னது.

"மீடியா விசிபிலிட்டி"யை அணைச்சா இடம் மிச்சம் ஆகும்னு ஒரு நம்பிக்கை உலாவுது. ஆகாது. கேலரில தெரியாது, அவ்வளவுதான். ஃபைல் அதே இடத்துல அதே எடையோட உட்கார்ந்திருக்கும். அதுலயும் அணைச்சதுக்கு அப்புறம் வர்றதுக்குத்தான் பொருந்தும். ஊர் குரூப்புக்கு மட்டும் அணைச்சு வச்சா கேலரி சுத்தமா இருக்கும், பேரன் படத்தைத் தேட வசதி. அந்த அளவுக்கு உபயோகம் உண்டு.

கேமரால வீடியோ தரத்தைப் பாருங்க. 4கேல இருந்தா 1080பி, 30 ஃபிரேமுக்கு இறக்குங்க. ஐபோன் செட்டிங்ஸ்லயே எழுதியிருக்கும், சுருக்கு முறைல ஒரு நிமிஷத்துக்கு 1080பின்னா சுமார் 60 எம்பி, 4கேன்னா சுமார் 170 எம்பி. ஆண்ட்ராய்டுல எண் மாறும், விகிதம் கிட்டத்தட்ட இப்படித்தான். பத்து நிமிஷப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு ஜிபிக்கு மேல வித்தியாசம்.

வாட்ஸ்அப் ஃபோல்டர்ல "டேட்டாபேஸஸ்"னு ஒண்ணு இருக்கும். ராத்திரி 2 மணிக்கு சாட்டோட உள்ளூர் பிரதி அதுல எழுதப்படும், கடைசி ஏழு நாளுக்குரியது வரைக்கும் வச்சிருக்கும். பேர்ல தேதி உள்ள பழசை அவசரத்துக்கு அழிக்கலாம். தேதி இல்லாம இருக்கிறது ஒண்ணு, அதுதான் லேட்டஸ்ட், அதைத் தொடாதீங்க.

"வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்" ஃபோல்டரைச் சுத்தம் பண்ணும்போது .ஏபிகேன்னு முடியுற ஃபைல் இருக்கான்னு பாருங்க. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பேங்க் கேஒய்சின்னு பேர் வச்சு வரும். பத்திரிகை படமாவோ பிடிஎஃப்பாவோதான் வரும், ஏபிகேன்னா அது ஆப். எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதியைக் கேட்டு வாங்கிட்டு ஓடிபியை வெளில அனுப்புற ரகம். திறந்து பார்க்காம அழிங்க. ஏற்கெனவே திறந்து இன்ஸ்டால் ஆயிருக்கோன்னு சந்தேகம்னா நெட்டை அணைச்சுட்டு, ஆப் பட்டியல்ல தெரியாத பேர் இருக்கான்னு பார்த்து அன்இன்ஸ்டால் பண்ணுங்க. பேங்குக்கு வேற போன்ல இருந்து பேசுங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிங்க.

---

கயல்_திருச்சி எழுதியது:

டாக்குமென்ட்ஸ்ல பார்த்தேன், "வெட்டிங் இன்விடேஷன்"னு ஒரு .ஏபிகே கிடந்துச்சு. திறக்கலைன்னு அம்மா சொல்றாங்க, ஆப் பட்டியல்லயும் புதுசா எதுவும் இல்லை. அழிச்சாச்சு. அனுப்பினது தெரிஞ்ச நம்பர்தான், அவங்களுக்குச் சொல்லணுமா?

---

சர்வீஸ்_பெஞ்ச் எழுதியது:

கட்டாயம் சொல்லணும், ஆனா வாட்ஸ்அப்ல இல்லை. அவங்க கணக்கு வேற யார் கையிலயோ இருந்தா பதிலும் அங்கே இருந்துதான் வரும். சாதாரண கால் போட்டுப் பேசுங்க. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல "லிங்க்டு டிவைசஸ்" திறந்து, அவங்களுக்குத் தெரியாத கருவி எது இருந்தாலும் "லாக் அவுட்" கொடுக்கச் சொல்லுங்க. அப்புறம் "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்" போட்டு ஆறு இலக்க பின் வைக்கச் சொல்லுங்க. அம்மா போன்லயும் அதையே போட்டுடுங்க, பின்னை ஒரு தாள்ல எழுதி பீரோவுல வச்சுடுங்க.